பகிரங்கக் களரியும் நமதூரும்

விழா மலர்களுக்குக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் கல்வியைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் எழுதுவர்; உடலைப் பற்றி எழுதுவோர் அரியர். விளையாட்டுத்துறை அறிக்கை என ஒரு பக்கம் இருக்கும். உதைபந்தாட்டத்தில் எத்தனை வெற்றி, துடுப்பாட்டத்தில் எத்தனை தோல்வி என்னும் கணக்கு அதிற் காணப்படும். அத்துடன் உடல் பற்றிய பேச்சு முடிந்துவிடும். இக்கட்டுரை அவ்வழக்கத்தினின்றும் சற்று விலகுகின்றது. இவ்விழா ஆண்டிலே, புத்தூரிலே, நமது கல்லூரி மைதானத்திலே, சிலம்பத்தை முதன்மையாகக் கொண்டு ஒரு பெரிய பகிரங்கத் தற்காப்புக்கலைப் போட்டி நடத்தப்படல் வேண்டும் என்பது என் கருத்து. அது பகிரங்கம் என்னும் சொல்லின் முழுப்பொருளுக்கும் ஏற்றதாய் இருத்தல் வேண்டும், இல்லையேல் நடத்தாதிருத்தலே நன்று என்பதும் என் கருத்து. இவற்றுள் இரண்டாவதே முக்கியமானது. போட்டி வேண்டாம் என்பார் சிலரே. வாயில் முழுதும் திறக்க வேண்டாம் என்பாரே பலராயிருப்பர்.

ஆயினும் அச்சிலரின் மறுப்பை முதலிற் கேட்போம். ஏனெனின் அது அற்பமான மறுப்பன்று. 1983ஆம் ஆண்டு தொடக்கம் 2009ஆம் ஆண்டு வரை போரிலே வெந்த மண் இது. இளைஞர் நால்வர் ஒரு வெளியிற் கூடினாலே தாய்மாரின் நெஞ்சு பதைத்த காலம் நம்மில் நாற்பது வயதைக் கடந்தோர்க்கெல்லாம் நினைவிலுண்டு. போர் ஓய்ந்தபின்னும் அச்சம் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து, வாளால் வெட்டிவிட்டு ஓடும் கும்பல்களைப் பற்றிய செய்தியை யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் எத்தனை முறை அச்சிட்டுவிட்டன! இந்நிலையிலே, ‘பிள்ளைகளின் கையிற் கம்பைக் கொடுத்து நீங்களே அடிக்கப் பழக்கப் போகிறீர்களோ?’ என்று ஒரு தாய் கேட்பாளாயின், அவளுக்கு விடை கூறாமல் நாம் பந்தற்கால் நாட்டலாகாது.

விடை இது. இரவிலே வாளெடுத்துத் திரிபவன் எந்தக் கலையையும் கற்றவனல்லன். அவனுக்கு ஆசான் இல்லை, எதிரே நின்று பொருதுபவன் இல்லை, மத்தியஸ்தர் இல்லை, பார்த்திருக்கும் ஊரும் இல்லை. இந்நான்கும் இல்லாத இடத்திலேதான் அவனுடைய வீரம் செல்லும். சிலம்பக் கூடத்திற் சேர்ந்த சிறுவனோ முதலிற் பழகுவது அடியை அன்று, வணக்கத்தை. நிலத்தையும் ஆசானையும் அவையையும் வணங்கும் சலாவரிசை முன்னே வரும். அதன்பின் காலடி. தன் நெற்றியளவு உயர்ந்த கம்பை அவன் சுழற்றத் தொடங்கும்போது முதலில் அடிபடுவன அவனுடைய காதும் முழங்காலுமே. பிறருடைய நோவை அறிவதற்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறுண்டோ? போட்டியிலும் எதிராளியை வீழ்த்துபவன் வெல்பவனல்லன், தொடுபவனே வெல்பவன். கம்பின் நுனியிலே நிறப்பொடியையோ நீற்றையோ தோய்த்து, எதிராளியின் உடலில் எத்தனை தடம் பதிந்தது என்று எண்ணும் வழக்கம் பழையது. நெற்றிப் பொட்டிலே பதியும் தடத்துக்குத் தனிமதிப்பு. மண்டையைப் பிளக்கவல்ல கம்பினாலே, குழந்தைக்குப் பொட்டிடுவது போலத் தொட்டு மீள்வதுதான் அக்கலையின் உச்சம்.

இந்நியாயம் உலக அரங்கிலும் ஒருமுறை கடுமையாகச் சோதிக்கப்பட்டது. தொற்றுநோயினால் ஓராண்டு பிந்தி 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் முடிவுற்ற ரோக்கியோ ஒலிம்பிக்கிலே, கராத்தேயில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவருக்கான இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் தாரெக் ஹமெடி 4–1 என்ற கணக்கில் முன்னணியில் நின்றார். அவருடைய உதையொன்று ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதேயின் கழுத்திற்பட, அவர் நினைவிழந்து வீழ்ந்தார். கட்டுப்பாட்டை மீறிய அடி என்று மத்தியஸ்தர்கள் தீர்த்தனர். நினைவிழந்து தூக்கிச் செல்லப்பட்டவருக்குத் தங்கம். நிமிர்ந்து நின்றவருக்கு வெள்ளி. இதென்ன விந்தை என்று நகைத்தவர் பலர். எனக்கோ அத்தீர்ப்புக் கொடியதாயினும் சரியெனவே பட்டது. தொட்டு மீள்வதே முறை என்னும் விதிக்கு உடன்பட்டே இருவரும் களம் புகுந்தனர். நமது தாய்மாருக்கு நாம் காட்டவேண்டிய சான்றும் இதுவே: அளவுமீறி அடித்தவன் தோற்பான் என்பதை ஊரறிய, ஒலிபெருக்கியிலே, ஒவ்வொரு முறையும் சொல்லும் ஒரு களம்.

ஒரு போட்டி நடத்திவிட்டால் வாள்வெட்டு ஒழிந்துபோம் என்று கூற நான் துணியேன். அதற்குப் பொலிசும் வேலைவாய்ப்பும் வேறு பலவும் வேண்டும். அடக்கத்தை மேடையேற்றிக் காட்டுவதற்கு இதனிலும் எளிய வழி நம் கைக்கெட்டிய தூரத்தில் இல்லை என்பதையே கூறுகின்றேன்.

இனி, ஊர் வருமா என்ற கேள்வி. வரும். மாட்டுவண்டிச் சவாரிக்கும் கரப்பந்தாட்டத்துக்கும் வலிகாமத்திற் கூடும் சனத்தைக் கண்டவர் இதில் ஐயுறார். களரியைச் சூழ்ந்து நிற்பது நமக்குப் புதிதுமன்று. நமது அயலூராகிய சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இலே கலித்தொகையைப் பதிப்பித்து வெளியிட்டார்கள். அதன் முல்லைக்கலிப் பாட்டுகள் பலவற்றிலே ஏறு தழுவும் களமும், சூழ்ந்து நிற்கும் ஆயரும், பார்த்திருக்கும் மகளிருமே நிறைந்துள்ளனர். அதனை அச்சிலே கொண்டுவந்தவர் நம் வீதியால் நடந்து திரிந்தவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம்.

அதனினும் நமக்கு அணித்தான சான்று புறநானூற்றில் உண்டு. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். அதே கிள்ளியைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் 83 முதல் 85 வரையுள்ள மூன்று பாட்டுகளிலே பாடினார். அவற்றுள் இறுதிப் பாட்டை, விளையாட்டுப் போட்டி நடத்தும் ஒவ்வொரு செயற்குழுவும் முதற் கூட்டத்திலே வாசித்தல் நன்று. அவள் காதலித்த வீரன் அவ்வூரான் அல்லன், அந்நாட்டானும் அல்லன். அதனாலேயே பார்த்திருந்தோர் இரண்டுபட்டனர். வென்றான் என்றனர் ஒருசாரார். இல்லை என்றனர் மற்றொரு சாரார். அவளோ காற்சிலம்பு ஒலிக்க ஓடிச் சென்று, தன் வீட்டுப் பனையொன்றின் அடியிற் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தன் கண்களாற் கண்டாள்.

பனையைக் கண்டதும் யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு மனம் நெகிழ்வது இயல்பே. ஆயின் அப்பாட்டிலே நான் காண்பது பனையை மட்டுமன்று. இன்றைய பகிரங்கப் போட்டியொன்றின் தொல்லைகள் யாவும் அங்கே உள்ளன. களத்தினுள்ளே அயலூரான் ஒருவன். வெளியே ஊர்ப்பற்றினாற் கண் மங்கிய கூட்டம். அக்கூட்டத்துக்கும் அப்பால், களத்தருகே நிற்க இடமின்றி மரத்தைத் துணைக்கொண்ட ஒரு பெண். அவள் கண்டதே மெய். அவ்வூரிலே அன்று மத்தியஸ்தர் இருந்தாரோ, இருந்தால் என்ன தீர்ப்புக் கூறினாரோ, புலவர் சொல்லவில்லை.

அயலூரான் வெல்வதைப் பொறுக்கும் ஊரே பகிரங்கப் போட்டி நடத்தத் தகுதியுடையது. இதற்கு நான் அறிந்த மிகச்சிறந்த எடுத்துக்காட்டு 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி ரோக்கியோவில் நிகழ்ந்தது. யூடோ என்னும் மற்போர்முறை ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஆண்டு அது. அதனை 1882இலே வகுத்தளித்த கானோ ஜிகோரோ ஓர் ஆசிரியர். ஆசிரிய கலாசாலையொன்றின் தலைவராயிருந்தவர். அவ்வொலிம்பிக்குக்கெனவே நிப்பொன் புடோக்கான் என்னும் அரங்கு எழுப்பப்பட்டது. நான்கு பிரிவுகளுள் மூன்றிலே யப்பானியரே தங்கம் வென்றனர். எஞ்சிய பிரிவு நிறை வரம்பில்லாத பகிரங்கப் பிரிவு. யூடோவின் மானமே அப்பிரிவில்தான் உள்ளது என்று யப்பானியர் எண்ணினர். இறுதியிலே அவர்களுடைய அக்கியோ கமினாகாவை எதிர்த்து நின்றவர் ஒல்லாந்தரான அன்டன் கீசிங்க். ஒன்பது நிமிடங்களுக்குச் சற்று மேல் நடந்த போரின்பின் கமினாகாவை நிலத்தோடு அழுத்திப் பிடித்துக் கீசிங்க் வென்றார். அரங்கு உறைந்துபோயிற்று. கண்ணீர் விட்டோரும் பலர். அக்கணத்திலே ஒல்லாந்தர் சிலர் ஆரவாரித்துக் களத்தினுள் ஓடிவர முற்பட்டபோது, கீசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். தோற்றவரும் வென்றவரும் முறைப்படி வணங்கிப் பிரிந்தனர். அன்று யப்பான் ஒரு பதக்கத்தை இழந்தது உண்மை. ஆயினும் அந்நாளின்பின் யூடோ யப்பானியரின் கலை என்ற நிலை மாறி உலகத்தாரின் கலையாயிற்று. கீசிங்க் தோற்றிருப்பின் அது ஒருகால் அவர்களுடைய முற்றத்து விளையாட்டாகவே நின்றிருக்கும்.

அதே ஆண்டு ஆகஸ்டிலே, கலிபோர்னியாவிலுள்ள லோங் பீச் என்னும் நகரில் எட் பார்க்கர் என்பவர் எல்லாப் பாணியினரையும் அழைத்து ஒரு பெரிய கராத்தேப் போட்டியைத் தொடங்கினார். அங்கே மேடையேறி வித்தை காட்டிய இளைஞன் ஒருவனை அமெரிக்கப் பொதுமக்கள் அதுவரை அறியார். புறூஸ் லீ என்பது அவன் பெயர். வாயில் திறந்திருந்தால் யார் உள்ளே வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வாயில் மூடியிருந்தால் என்ன நேரும் என்பதற்கும் கதையுண்டு. 1959இலே நியூயோர்க் மாநிலத்து வாலிபர் கிறிஸ்தவ சங்கங்களுக்கிடையே நடந்த யூடோப் போட்டியில், காயமுற்ற ஆணொருவருக்குப் பதிலாக இறங்கிய ஒருவர் தம் எதிராளியை வென்றார். அவருடைய அணியும் வென்றது. பதக்கம் அளித்தபின், நீ பெண்ணா என்று கேட்டனர். ஆம் என்றார், பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டனர். ‘ரஸ்டி’ கனோகோகி என்று பின்னாளிற் புகழ்பெற்ற அப்பெண்மணி 1980இலே மகளிருக்கான முதலாவது உலக யூடோப் போட்டியைத் தாமே முன்னின்று நியூயோர்க்கில் நடத்தினார். 1988இலே மகளிர் யூடோ ஒலிம்பிக்கிற் காட்சிப் போட்டியாகவும், 1992இலே முறையான போட்டியாகவும் இடம்பெற்றது. பிடுங்கிய பதக்கத்துக்கு ஈடாக ஒரு பதக்கத்தை அச்சங்கத்தார் அவருக்கு அளித்தது 2009இலே. அவ்வாண்டே அவர் காலமானார். ஐம்பது ஆண்டு!

இவற்றையெல்லாம் படித்து அவர்களைக் குறைகூறுதல் எளிது. நம் வாயிலை நோக்குவோம்.

சிலம்பம் யாருக்குரியது? 1801ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டபின், கும்பினியார் பாளையங்களின் படைக்கலங்களைப் பறித்தனர். சின்னமருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் தாம் கற்றதாக ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைஞர் 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலிலே எழுதியுள்ளார்; கற்பித்தவரையே பின்னர் வேட்டையாடிய படையிலும் அவர் இருந்தார். வாளும் ஈட்டியும் போயினும் கம்பு எஞ்சியது. கோயில் திருவிழாவிலும் முகர்ரம் ஊர்வலத்திலும் அது உயிர் பிழைத்தது. நம் நாட்டிலே கிழக்கு மாகாண முஸ்லிம்கள் ‘சீனடி சிலம்படி’ என்று அதனைப் போற்றி வருகின்றனர். மட்டக்களப்புத் தமிழரிடமும் மலையகத் தோட்டங்களிலும் அது வாழ்கின்றது. சிங்கள மக்களிடம் அங்கம்பொர என்னும் பழைய போர்க்கலை உண்டு. ஊவா வெல்லசைக் கிளர்ச்சியின்பின் 1818இலே ஆங்கிலேயர் அதனைத் தடைசெய்தனர் என்பர். தடுத்தவன் ஒருவன், தடுக்கப்பட்டோர் பலர். ஆகவே புத்தூர்க் களத்திலே சம்மாந்துறையானும் அட்டனானும் கண்டியானும் வந்து நிற்பது விருந்தினராக அன்று, உரிமையுடையோராக.

இங்கு ஒரு சொல் இடையிற் கூறவேண்டும். சிலம்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர் சிலர், ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்றும், காஞ்சியினின்று சென்ற போதிதருமரே சீனருக்குப் போர்க்கலை கற்பித்தார் என்றும் முழங்கத் தொடங்கிவிடுவர். 2011இலே வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ என்னும் திரைப்படத்தின்பின் இம்முழக்கம் மிகுந்தது. போதிதருமருக்கும் சீனப் போர்க்கலைக்கும் தொடர்பு காட்டும் நூல் 17ஆம் நூற்றாண்டிலேதான் தோன்றியது என ஆராய்ச்சியாளர் கூறுவர். கம்பை நன்கு சுழற்றுபவனுக்கு இத்தகைய முட்டு வேண்டியதில்லை. ஒலிபெருக்கி அறிவிப்பாளருக்கு இதனை முன்கூட்டியே சொல்லிவைத்தல் நலம்.

தமிழ்நாட்டார் இக்கலைக்கு அண்மையிலே அரங்கமைத்துக் கொடுத்தனர். 2024ஆம் ஆண்டு ஜனவரி 19 முதல் 31 வரை சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் நடந்த ‘கேலோ இந்தியா’ இளைஞர் விளையாட்டு விழாவிலே சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. அவ்விழாவின் சின்னமாகச் சிவகங்கை அரசி வேலுநாச்சியாரின் உருவை ‘வீரமங்கை’ என்ற பெயரில் அமைத்திருந்தனர். போற்றத்தக்கதே. எனினும் அது மாநிலங்கள் தெரிந்தெடுத்து அனுப்பும் இளைஞர்க்கான விழா. பெயர் கேளாத கிராமத்திலிருந்து ஒருவன் தன் கம்பைத் தோளிற் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்திறங்கி, நானும் ஆடலாமோ என்று கேட்கக்கூடிய களம் வேறு. அத்தகைய களம் அமைப்பதற்கு அரசாங்கம் வேண்டியதில்லை. புத்தூர்ச் சந்தி போதும். பருத்தித்துறை வீதியில் அது உள்ளது; வடமராட்சியாருக்கும் தென்மராட்சியாருக்கும் எட்டிய இடம்.

ஆனால் அவ்வாறு வருபவனை நாம் எப்படி வரவேற்போம்? வாய்திறவாது விட்டுவிடும் வழக்கமுள்ள விடயம் இதுவாதலின் வெளிப்படையாகவே எழுதுகின்றேன். 1924இலே தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி வேற்றுமையை ஒழிக்க உழைத்தது. எனினும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற ஒழுங்கு வந்தபோது, 1930ஐ அண்டிய காலத்தில் இக்குடாநாட்டிலே பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்து படிப்பதற்கு நாம் கொடுத்த விலை அது. 1968இலே மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே நடந்ததையும் மறக்க முடியாது. அவை பழங்கதை என்பார் உளர். சிலம்பத்துக்குப் பறைமுழக்கம் வேண்டும். அதுவின்றிக் கம்பு ஊமையாகிவிடும். அப்பறையை முழக்குபவருக்கு நமது பந்தலில் எவ்விடத்திற் கதிரை போடுவோம், எந்தக் குவளையில் தேநீர் கொடுப்போம் என்பதைச் செயற்குழு தன் மனத்திடம் இரகசியமாகக் கேட்டுப் பார்க்கட்டும். பழங்கதையோ அன்றோ என்பது அப்போது தெரிந்துவிடும். முதல் வரிசையிற் கதிரையும், பேசிய ஊதியமும், எல்லாருக்கும் கொடுக்கும் அதே குவளையும் என்பதே என் விடை. இதற்கு உடன்படாத நன்கொடையாளர் ஒருவர் இருப்பாராயின் அவருடைய பணத்தை நன்றியுடன் திருப்பி அனுப்பிவிடலாம்.

பெண்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. முல்லைத்தீவைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022இலே பாகிஸ்தானிற் குத்துச்சண்டையிலே தங்கம் வென்று வந்தபோது பூமாலையோடு வரவேற்றோம். அவருக்கு முன்னே எத்தனை பெண்கள் பனையடியில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பினரோ! ஆண்களுக்கு எத்தனை பிரிவோ பெண்களுக்கும் அத்தனை. ஆண்களுக்கு எந்நேரத்தில் இறுதிப் போட்டியோ, சனம் நிறைந்த அந்நேரத்திலேயே பெண்களுக்கும். காலை வெயிலிலே பெண்களின் போட்டியை முடித்துவிட்டு, மாலையிலே விருந்தினர் முன் ஆண்களை ஆடவிடும் தந்திரம் எனக்குத் தெரியும். உடை மாற்றுவதற்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறையொன்று முதலில் ஒதுக்கப்படட்டும், மலர்மாலை பிறகு.

மத்தியஸ்தர் விடயமே எல்லாவற்றிலும் இக்கட்டானது. சில ஆண்டுகளுக்கு முன், பெயர் வேண்டியதில்லை, ஓரூரில் ஒரு போட்டியைக் காணச் சென்றிருந்தேன். அயலூர்ச் சிறுவன் மூன்றுமுறை தொட்டான். மூன்றையும் சனம் கண்டது. மத்தியஸ்தர் ஒன்றையே கண்டார். வென்றதாக அறிவிக்கப்பட்ட பிள்ளை அவருடைய மருமகன் என்பதைக் கச்சான் விற்ற கிழவி எனக்குச் சொன்னாள். அச்சிறுவன் ஒன்றும் பேசாமற் கம்பை நிலத்திற் கிடத்தி வணங்கிவிட்டுச் சென்றான். பரிசளிப்பு நடந்தபோது சனத்திற் பாதி கலைந்துவிட்டது. அக்கழகத்தார் மறு ஆண்டும் போட்டி வைத்தனர். அயலூரிலிருந்து எவரும் வரவில்லை. ஊர் ஒரு போட்டியை விரும்புவது ஆட்டத்தின் அழகுக்காக மட்டுமன்று. தான் கண்ணாற் கண்டதையே தீர்ப்பும் சொல்கின்றது என்னும் நிறைவுக்காகவே கிழவியும் குழந்தையும் இரவு பத்து மணிவரை மணலில் இருக்கின்றனர். அந்நிறைவு கெட்டால் அலங்கார வளைவும் மின்விளக்கும் அதனை மீட்கமாட்டா.

ஆதலின் மத்தியஸ்தர்கள் வெளி மாவட்டத்தவராய் இருத்தல் வேண்டும். போட்டியாளரில் எவருக்கும் ஆசானாகவோ உறவினராகவோ இருத்தலாகாது. மூவர் மூன்று பக்கத்தில் நின்று தனித்தனியே எண்ண வேண்டும். கம்பு நுனியிலே பொடி தோய்க்கும் பழைய வழக்கத்தை மீட்டல் நன்று; வெள்ளைச் சட்டையிலே பதிந்த தடத்தை மைதானத்தின் கடைக்கோடியில் நிற்பவனும் எண்ணிக்கொள்வான். தடத்தை ஊரே எண்ணும்போது மாமன் என்ன செய்வான்?

செலவு பற்றிக் கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் உள்ள நம்மவர் கல்லூரிக்குச் செய்துள்ள உதவி சிறிதன்று. இதற்கும் தருவர். ஆயின் வெற்றிக் கேடயத்திலே நன்கொடையாளர் பெயரை வென்றவர் பெயரினும் பெரிதாகப் பொறிக்கும் வழக்கத்தை இம்முறை விட்டுவிடுவோம். பொன்னாடைகளும் இரண்டோடு நிற்கட்டும். விருந்தினர் உரை பத்து நிமிடம். அதற்குமேற் போனாற் பறை முழங்கும் என முன்னரே அறிவித்துவிடலாம். மீதிப் பணத்திலே தலைக்காப்புகளும், ஒரு வைத்தியரும், நோயாளர் வண்டியும், தூரத்திலிருந்து வருவோர்க்குப் பஸ் கட்டணமும், இரவு தங்க வகுப்பறைகளும், புட்டும் சம்பலும்.

காலம், சித்திரை விடுமுறை. மழையில்லை, பாடசாலை மைதானம் ஒழிந்திருக்கும். தோட்டக்காரரைக் கேட்டு, வெங்காயம் கிண்டும் நாட்களோடு மோதாத ஒரு சனி ஞாயிற்றைக் குறிக்கலாம். வெயில் தாழ்ந்தபின் தொடங்கி விளக்கொளியில் முடிக்கலாம். நமது செம்மண் காய்ந்தாற் கல்லாகிவிடும்; ஆகவே களரிக்கு மணல் பரப்புதல் வேண்டும். அயலிலுள்ள சனசமூக நிலையங்கள் பந்தலையும் தண்ணீர்ப்பந்தலையும் பொறுப்பேற்கும், கேட்டாற் போதும். அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்டு மட்டக்களப்புக்கும் அட்டனுக்கும் கண்டிக்கும் மூன்று மாதத்துக்கு முன்பே போய்ச்சேர வேண்டும்.

நுழைவுப் படிவத்தை எழுதித்தர நான் சித்தமாயுள்ளேன். பெயர், வயது, நிறை, பயின்ற முறை, அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண் ஆகிய ஐந்தே கேள்விகள். ஊரையும் கழகத்தையும் தகப்பனாரையும் விசாரிக்கும் வரிகள் அதில் இரா.